லெற்றியும் லொற்றியும்: 1985ஆம் ஆண்டு நாடகம் ஒன்றை மீண்டும் பார்த்தது பற்றி

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஜூன் 7

பி.பி.சி. 1985இல் ஒளிபரப்பிய ‘எ மேர்டர் இஸ் அனவுன்ஸ்ட்’ நாடகத்தின் மூன்று பகுதிகளையும் இந்தக் கிழமைதான் பார்த்து முடித்தேன். துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாக நடித்த ஜோன் ஹிக்சனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதையின் அத்திவாரமே ஆடுகிறது. இறந்துபோன அக்காவின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு தங்கை ஒருத்தி ஒரு கிராமத்தில் வந்து குடியேறுகிறாள். ஊரில் ஒரு காக்கை குருவிக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. இதை யார் நம்புவது?

ஜூன் 7, இரவு 10.15

நான் நம்புகிறேன். கேள்வியிலேயே முடிவு உடைந்துவிட்டதால் இனி மறைத்துப் பேச வேண்டிய தேவையும் இல்லை.

அகதா கிறிஸ்டியின் மூலக்கதை வெளிவந்தது 1950இல். போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு முடியவில்லை. அது முற்றாக நீங்கியது 1954 ஜூலையில்தான். 1939இல் கொடுக்கப்பட்ட அடையாள அட்டையை மக்கள் 1952 வரை வைத்திருந்தார்கள், ஆனால் சாதாரணக் குடிமக்களின் அட்டையில் பெயரும் இலக்கமும் முகவரியும் இருந்தனவே தவிர, படம் இருக்கவில்லை. போருக்கு முன் ஒரு கிராமத்துக்குப் புதிதாக வருபவர் அங்கே யாருக்காவது தெரிந்தவர் ஒருவரின் கடிதத்தோடு வருவார் என்றும், போருக்குப் பின் இந்தியாவிலிருந்தும் ஹொங்கொங்கிலிருந்தும் வந்து இறங்கியவர்களைப் பற்றி அவர்களே சொல்வதை விட்டால் வேறு தகவல் எதுவும் கிடையாது என்றும் மிஸ் மார்ப்பிள் விளக்கும் இடம் மூலக்கதையில் உண்டு. எனக்கு முழுக் கதையின் திறப்பும் அந்த இடம்தான்.

திருகோணமலையில் வளர்ந்த ஒருவனுக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? 1983, 1985, 1990, பிறகு 2006 என்று சனங்கள் இடம்பெயர்ந்தபடியே இருந்த மாவட்டம் இது. எங்கள் ஒழுங்கையில் நான் சிறுவனாக இருந்தபோது இருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் பத்து வருடத்தில் மாறிவிட்டன. புதிதாக வந்தவர் தன் பெயர் இன்னதென்று சொன்னால் அதுதான் அவர் பெயர். இல்லையென்று சொல்லக்கூடியவர் இந்தியாவில் ஒரு முகாமிலோ கனடாவிலோ இருந்திருப்பார், அல்லது இருந்திருக்கவே மாட்டார்.

ஜூன் 8, காலை 6.30

இரவு எழுதியதைக் காலையில் வாசித்தால் பாதி பிழை. எங்கள் தேசிய அடையாள அட்டை 1972இல் வந்தது. அதில் முதலிலிருந்தே படம் உண்டு. போதாததற்கு வீட்டில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும், சுற்றிவளைப்பு நடந்தால் அதைக் காட்ட வேண்டும், பட்டியலில் இல்லாத ஒரு சித்தியோ மருமகனோ அன்றிரவு வீட்டில் இருந்தால் அதற்கு வேறு விளக்கம் சொல்ல வேண்டும். பாண் வாங்கக் கடைக்குப் போகும்போதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படலையைத் திறந்த ஊரை, படமில்லாத அட்டையோடு ஒருவரையொருவர் நம்பிக்கொண்டிருந்த ஆங்கிலக் கிராமத்தோடு சமப்படுத்தியது என் அவசரம்.

ஆகவே ஒப்புமையை வாபஸ் வாங்குகிறேன். நாடகத்தை நம்புகிறேன் என்பதை வாங்கவில்லை.

ஜூன் 8, மாலை 5.40

நான் இதை முதலில் பார்த்தது 1988இல். இலண்டனில் இருந்த சித்தப்பா ஒளிபரப்பானபோதே பதிவுசெய்து வைத்திருந்த வீடியோ கசற்றுகளை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அங்குள்ள ஒளிபரப்பு முறை வேறு என்பதால் கனடாவிலிருந்து வரும் கசற்றுகள் எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டிருக்கும். இலண்டன் கசற்றுகள் ஒழுங்காக ஓடும். டெக் வாடகைக்கு எடுத்தது. ஒரு இரவு வாடகைக்குள் மூன்று பகுதியையும் பார்த்துவிட வேண்டும் என்பதால் பின்னேரம் ஆறு மணிக்கே எல்லோரும் பாயில் உட்கார்ந்துவிட்டோம்.

மொழிபெயர்ப்பாளர் அம்மப்பா. 1957இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை டொக்யார்ட்டில் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய ஆங்கிலத்தை ஒழுங்கையில் எவரும் கேள்வி கேட்டதில்லை. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பாத்திரங்கள் பேசி முடிப்பதற்குள் தமிழில் சொல்லிவிடுவார்.

நாடகம் தொடங்குவது ஒரு பத்திரிகை அறிவித்தலோடு என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை இன்ன வீட்டில் ஒரு கொலை நடைபெறும் என்று ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அந்தப் பத்திரிகையின் பெயரில் ‘கசெற்’ என்ற சொல் இருந்ததால், அரசாங்க வர்த்தமானியில்தான் கொலையை அறிவித்திருக்கிறார்கள் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அது எனக்கு அவ்வளவு விசித்திரமாகவும் படவில்லை. அறிவித்தலின் கடைசி வரி ஆங்கில மரண அறிவித்தல்களின் வாய்பாட்டிலேயே எழுதப்பட்டது. அம்மப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றோம்” என்று வானொலியில் வாசிப்பவரின் குரலில் சொன்னார். வீடு சிரிப்பில் அதிர்ந்தது. மாமி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மரண அறிவித்தலை விளையாட்டாகச் சொல்லக்கூடாது என்றாள்.

ஜூன் 8, இரவு

மேலே எழுத மறந்தது. நாடகத்தில், அறிவித்தலில் சொன்ன அந்த மாலை, விளக்கு அணைவதற்கு முன், வீட்டுக்கு வரும் அயலவர்கள் ஒவ்வொருவரும், வெப்பமூட்டியைப் போட்டுவிட்டீர்களே என்று ஆச்சரியப்படுவார்கள். கரி தட்டுப்பாடான காலம் என்பதால் அந்த ஆச்சரியம். அதில் ஒரு தடயம் இருக்கிறது. வெப்பமூட்டி வேலை செய்தால் கணப்பில் நெருப்பு வேண்டியதில்லை. கணப்பில் நெருப்பு இல்லாவிட்டால் விளக்கு அணைந்ததும் அறை முழு இருட்டு. மின்விசிறி நின்றால் தூக்கம் கலைகிற ஊரில் பாயில் இருந்து பார்த்த எங்களுக்கு, குளிருக்கு மூட்டும் நெருப்பு வெளிச்சமும் தரும் என்பது தோன்றவே இல்லை. அம்மப்பா அந்த வரிகளை மொழிபெயர்க்கவும் இல்லை; வெள்ளைக்காரர் எப்போதும் காலநிலை பற்றித்தான் பேசுவார்கள் என்று தாண்டிப் போய்விட்டார்.

ஜூன் 9

அம்மப்பா தாண்டிப் போனது அது ஒன்றை மட்டுமல்ல என்பது நேற்றிரவு முதல் பகுதியை மறுபடி பார்த்தபோது தெரிந்தது.

வீட்டுக்காரி பெயர் லெற்றீஷியா பிளாக்லொக். சிநேகிதி டோரா அவளை லெற்றி என்று கூப்பிடுகிறாள். அவள் உண்மையில் தங்கை ஷார்லொற் என்பதால் அவளுடைய பழைய செல்லப் பெயர் லொற்றி. வயதாகிப்போன டோராவுக்கு நாக்கு இடறுகிறது. லெற்றி என்று சொல்ல வேண்டிய இடத்தில் லொற்றி என்று சொல்லிவிடுகிறாள். தமிழில் எழுதினால் ஒரேயொரு கால்தான் வித்தியாசம். இந்த நாடகத்தின் மிகப் பெரிய தடயம் அந்தக் கால்.

அம்மப்பாவுக்கு அது காதில் விழுந்திருக்கும். நடிகை வசனத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டாள் என்று எண்ணி, தன் மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு முறையும் திருத்தி லெற்றி என்றே சொன்னார். நிருவாகக் கடிதங்களில் துரைமாரின் எழுத்துப்பிழைகளைத் திருத்தியே பழகிய கை. அதனால் எங்கள் ஒழுங்கையில் அன்று கொலையாளியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எவருக்கும் இருக்கவில்லை.

ஜூன் 11

2005இல் பிரித்தானியாவின் ஐ.ரி.வி. தொலைக்காட்சியில் வந்த வடிவம் இதைவிட விறுவிறுப்பானது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் மிஸ் மார்ப்பிளாக ஜெரால்டின் மக்கீவன், வீட்டுக்காரியாக ஸோயி வனமேக்கர். நல்ல நடிகைகள், வனமேக்கரின் கடைசிக் காட்சி நெஞ்சில் நிற்கும். இருந்தாலும் அங்கே எல்லோரும் எதையோ மறைக்கிறவர்கள் போலவே வந்து நிற்கிறார்கள். 1985இல் இயக்குநர் டேவிட் ஜைல்ஸும் திரைக்கதை எழுதிய அலன் பிளேற்றரும் அவசரப்படவில்லை. தேநீர் ஊற்றுவதற்கு எடுக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவையும் காட்டுகிறார்கள், அந்த மந்தத்தில் நாம் அந்த வீட்டின் விருந்தாளியாகிவிடுகிறோம். ஹிக்சன் அப்போது எழுபத்தெட்டு வயதுக்காரி. 1940களிலேயே அவரை மேடையில் பார்த்த கிறிஸ்டி, ஒருநாள் நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்ற விருப்பத்தை எழுதியிருந்தார். அது நிறைவேற 1984 டிசம்பர் வரை ஆனது, அப்போது கிறிஸ்டி இறந்து ஏறக்குறைய ஒன்பது வருடம். 1992க்குள் பன்னிரண்டு நாவல்களையும் நடித்து முடித்தார்.

ஐ.ரி.வி. வடிவம் முதலில் ஒளிபரப்பானது 2005 ஜனவரி 2. எங்கள் கரையைச் சுனாமி அடித்துச் சரியாக ஒரு கிழமை. அன்று நான் ஒரு பாடசாலை முகாமில் மற்றவர்களோடு பெயர் பதிந்துகொண்டிருந்தேன். அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் போனவர்களிடம் “உங்களைத் தெரிந்தவர் ஆர்?” என்று கேட்டு எழுதினோம். பக்கத்தில் நிற்பவர் ஆமெனத் தலையாட்டினால் போதும், பிறகு கிராம சேவையாளர் கடிதம் தருவார். ஜூன் 8 காலை வாபஸ் வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 15

விளக்கு அணைகிற உத்தி பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். மேசை விளக்கின் வயரில் மேலுறை தேய்ந்த இடம், அதன்மேல் பூச்சாடித் தண்ணீர், பியூஸ் போகிறது. இது நடக்காது, சும்மா கதை என்று முதலில் எனக்கும் பட்டது. எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்தவரைக் கேட்டேன். நடக்கும் என்றார், அதுவும் அந்தக் காலத்து வீடுகளில் நன்றாகவே நடக்கும். பீங்கான் பியூஸில் இருக்கும் மெல்லிய கம்பி உருகினால் அந்தச் சுற்றில் உள்ள விளக்குகள் அத்தனையும் போகும், மற்றச் சுற்றுகளுக்கு ஒன்றும் ஆகாது. இப்போதைய வீட்டில் ரிப் சுவிற்ச் விழுந்துவிடும். தூக்கிவிட்டால் சரி, மர்மத்துக்கு நேரம் போதாது.

அவர் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. “தண்ணியை ஊத்தின மனிசிக்கு ஷொக் அடிக்கேல்லையோ?” என்றார். மிஸ் மார்ப்பிளுக்கு வராத கேள்வி.

ஜூன் 16

இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம் ரோச் லைற் பற்றியது. இருட்டு விழுந்ததும் கதவைத் திறந்து ஒருவன் ரோச்சை அடித்து எல்லோரையும் கையைத் தூக்கச் சொல்கிறான். பிறகு விசாரணையில் ஒவ்வொருவரும் தான் கண்டதை விரிவாகச் சொல்கிறார்கள். உண்மையில் எவரும் எதையும் காணவில்லை.

இதை விளக்க எனக்கு எந்த இன்ஸ்பெக்டரும் தேவையில்லை. தொண்ணூறுகளில் ஒரு இரவு அநுராதபுரச் சந்தியிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது மதிலோரத்திலிருந்து ரோச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. இறங்கினேன். வெளிச்சம் முகத்திலிருந்து அட்டைக்குப் போய்த் திரும்பவும் முகத்துக்கு வந்தது. பின்னால் நின்றவர் ஒருவரா ஐவரா, உயரமா குள்ளமா, இன்றுவரை சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் வட்டமும், அதைச் சுற்றிப் பறந்த ஈசல்களும், அட்டையைத் திருப்பித் தந்த விரல்களில் இருந்த பற்றறி எண்ணெய் மணமும். வீட்டுக்கு வந்து சொன்னபோது மூன்று பேர் நின்றதாகச் சொன்னேன். மூன்று என்பது எங்கிருந்து வந்தது?

நாடகத்தில் அந்த வெளிச்சம் படாத ஒரேயொருத்தி மிஸ் மேர்கற்ரொயிட். திறந்த கதவுக்குப் பின்னால் நின்றதால் அவள் கண் கூசவில்லை. ரோச் அடித்த இடங்களை எல்லாம் அவளால் பார்க்க முடிந்தது. ஜோன் சிம்ஸ் அந்தப் பாத்திரத்தில் தடுமாறித் தடுமாறி நினைவுபடுத்திக்கொள்ளும் காட்சியை மூன்று தடவை பார்த்தேன். யாரைக் கண்டாள் என்று அவள் தேடவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் யாரைக் காணவில்லை என்று தேடுகிறாள். கண்டுபிடித்ததும் கத்துகிறாள்: அவள் அங்கே இல்லை!

அந்த வரி ஆங்கிலத்தில் மூன்று சொல். எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பதில் கொலையாளி இருக்கிறாள். தமிழில் இந்த வித்தை செய்வது கடினம். நாம் குரலில் அழுத்துவதோடு நிற்காமல் சொல்லிலும் ஒட்டிவிடுகிறோம்: அவள்தான் அங்கே இல்லை, அவள் அங்கேதான் இல்லை, அவள் அங்கே இல்லவேயில்லை. மூன்றும் மூன்று வாக்கியம். ஒரு தமிழ்ப் பெண் அப்படிக் கத்தியிருந்தால் கேட்டுக்கொண்டு நின்ற சிநேகிதி அந்தக் கணமே கொலையாளியைத் தெரிந்துகொண்டிருப்பாள்.

ஜூன் 16, பின்னிரவு

திருத்தம்: பற்றறிக்கு எண்ணெய் மணம் கிடையாது. அது துப்பாக்கி எண்ணெயாக இருந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பற்றறி என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 17

இன்னுமொரு திருத்தம். விளக்கு அணைந்தபோது மிஸ் மார்ப்பிள் அந்த அறையில் மூலையில் பின்னிக்கொண்டு இருந்தார் என்று ஒரு நண்பரிடம் பந்தயம் கட்டியிருந்தேன். அவர் அங்கே இல்லை. கதைக்குள் வருவதே அதன் பின்புதான். ஒரு பிளேன்ரீ கடன்.

ஜூன் 23

ஒருவர் கேட்ட கேள்வி நியாயமானது: ஏன் சுவிற்சர்லாந்து? பணக்காரர் போகிற இடம் என்பதற்காகவா?

ஷார்லொற்றுக்குக் கழுத்தில் கழலை. வைத்தியரான தகப்பன் சத்திரசிகிச்சைக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் இறந்தபின் அக்காதான் தங்கையைச் சுவிற்சர்லாந்துக்குக் கூட்டிப்போகிறாள். அல்ப்ஸ் மலைப் பகுதிகளில் மண்ணிலும் நீரிலும் அயடீன் குறைவு என்பதால் கழலை அங்கே ஊர்நோயாக இருந்தது. பேர்ண் நகரத்தின் தியோடோர் கோகர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கழலைச் சத்திரசிகிச்சைகள் செய்தவர், தைரொயிட் பற்றிய வேலைக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றவர். 1922இலிருந்து அந்த நாட்டில் உப்பில் அயடீன் கலந்தார்கள். கிறிஸ்டி போர்க்காலங்களில் மருந்தகத்தில் வேலை செய்தவர்; இடத்தைத் தற்செயலாகத் தெரிந்தெடுத்திருக்க மாட்டார். இலங்கையில் அயடீன் உப்பு 1995இல் கட்டாயமானது. நிலாவெளி உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்த அம்மா இன்றும் பக்கற் உப்பில் கை வைக்க முணுமுணுப்பார்.

இதெல்லாம் ஒரு தழும்புக்காக. கழுத்தை ஒட்டிய முத்துமாலை அந்தத் தழும்பை மறைக்கிறது. பதற்றம் வரும்போதெல்லாம் வீட்டுக்காரியாக நடித்த உர்சுலா ஹொவெல்ஸின் கை தன்பாட்டில் கழுத்துக்குப் போகிறது. இரண்டாம் தடவை பார்க்கும்போது மாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

பாவம் என்று தோன்றுகிற இடமும் அதுதான். இளமை முழுவதும் அறைக்குள் ஒளிந்திருந்தவள், கழுத்து நேரானபின் வெளியே வர விரும்பினாள். அக்கா உயிரோடு இருந்திருந்தால் வந்திருக்க வேண்டிய சொத்து அக்காவின் நிமோனியாவோடு போகப்பார்த்தது. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டாள். தன்னை அடையாளம் காட்டக்கூடிய ஆஸ்பத்திரி ஊழியன் ஒருவன் ஊருக்கு வரும்வரை எவருக்கும் ஒரு கெடுதியும் செய்யவில்லை. முகத்தை மூடிக்கொண்டு ஆட்காட்டும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற தலைமுறை அந்தப் பயத்தை அறியும். அதற்காக டோராவைக் கொன்றதை மன்னிக்க முடியாது. சிநேகிதியின் பிறந்தநாளுக்கு அவளுக்குப் பிடித்த கேக்கைச் செய்வித்துக் கொடுத்துவிட்டுக் கொல்கிறாள்.

ஜூன் 24

சமையல்காரி ஹன்னாவைப் பற்றி (மூலக்கதையில் பெயர் மிற்சி) ஒருவரும் எழுதவில்லை என்பதால் ஒரு வரி. அகதியாக வந்த அவளுடைய கடதாசிகள் ஒழுங்காக இருக்கின்றன. அவள் சொல்வதை எவரும் நம்புவதில்லை. வீட்டுக்காரி சொல்வது எல்லாம் பொய். அவளை எல்லோரும் நம்புகிறார்கள். உச்சரிப்பு அப்படி.

ஜூலை 6

கேள்வி கேட்டவர் இன்னும் சமாதானமாகவில்லை என்று எழுதியிருக்கிறார். ‘ஒரு பெயரை மாற்றிக்கொண்டு வாழ்வது அவ்வளவு சுலபமா?’

சுலபமில்லை. அம்மாவுக்கு மூன்று பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் சுருக்கியது ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. அடையாள அட்டையில் இரண்டாவது பெயர், அதுவும் ஒரு எழுத்துப் பிழையோடு. வங்கியில் ஒரு வைப்பைப் புதுப்பிக்கப் போய், இந்தப் பெயர்கள் யாவும் என்னொருத்தியையே குறிக்கும் என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வந்தோம். லெற்றீஷியா பிளாக்லொக் வீட்டில் இரண்டு ஆட்களுக்கு ஒரு பெயர் என்பதே சிக்கல். எங்கள் அலுமாரியில் அதன் மறுபக்கம் மூன்று பிரதிகளில் இருக்கிறது.

நேற்றிரவு அம்மாவோடு உட்கார்ந்து நாடகத்தை மறுபடி போட்டேன். 1988இல் அவர் தேநீர் போட்டுக்கொண்டும் தம்பியைத் தூங்கவைத்துக்கொண்டும் இருந்ததால் ஒரு பகுதியையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. தகப்பனின் குரலைத்தான் குசினியிலிருந்து கேட்டிருக்கிறார். ஆங்கிலம் அவருக்குச் சரளமில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை, தமிழ் எழுத்துகளும் திரையில் இல்லை. முடிவையும் சொல்லவில்லை. மடியில் முருங்கையிலைச் சுளகை வைத்து ஆய்ந்துகொண்டு இருந்தார்.

டோரா முதல் தடவை இடறினாள். அம்மாவின் விரல்கள் நின்றன.

“இப்ப அவ வேறை பேரல்லே சொன்னவ?”

கொஞ்சம் பின்னுக்கு ஓட்டிக் காட்டினேன். இன்னொருதரம் கேட்டுவிட்டு, “ஓம், வேறை பேர்தான்” என்றவர், “அப்பா இதை எங்களுக்குச் சொல்லேல்லை” என்று சொல்லிக்கொண்டே சுளகைத் தூக்கிக்கொண்டு உலை பார்க்க எழுந்து போனார்.